குரக்கன் உருண்டை தின்று வளர்ந்தவள்

செத்துப்போன பிள்ளைகள் வளருவதில்லை என்பது இலங்கை மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து மூக்குத்திமலைத் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே 1956 தீபாவளிக்கு அம்மாக்கண்ணுவின் மகள் சண்முகவடிவு, செத்து ஏழு வருடம் கழித்து, ஒரு விரற்கடை உயர்ந்து வந்து நின்றபோது வரிசை வீட்டு லயமே கூடி வேடிக்கை பார்த்தது. ஹட்டனில் ஸுஹைர் முதலாளி கடையில் வருடா வருடம் ஒரே அளவில் எடுத்து வைக்கும் பூப்போட்ட கவுன், அன்றைக்கு அக்குளில் பிய்ந்துவிட்டது. துணி மட்டம் என்று முதலாளியைத் திட்டியவர்களும் உண்டு. பிள்ளையைச் சுவரோரம் நிறுத்திப் பார்த்த பிறகு அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

வடிவு 1949 தீபாவளிக்கு அடுத்த வாரம் செத்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. அந்தக் காலத்தில் தீபாவளி முடிந்த கையோடு தோட்டத்தில் சின்னக் குழிகள் வெட்டுவது வழக்கமாக இருந்தது. வருடம் முழுக்க ரொட்டியும் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியும் கண்ட வயிற்றில் ஒரே நாளில் காறிப்போன எண்ணெயில் சுட்ட பலகாரம் இறங்கினால் என்ன ஆகும்? வயிற்றோட்டம் வரும், மருந்துக்காரர் கலர் தண்ணீர் கொடுப்பார், பிள்ளை போய்ச் சேரும். எழவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அந்தக் கெடு முடிந்து அம்மாக்கண்ணு மறுபடி சட்டி வைத்து முதல் பணியாரம் உப்பி மேலே வந்தபோது வடிவு அடுப்பங்கரையில் வந்து குந்தினாள். அதே ஒழுகும் மூக்கு, கையில் மட்டும் ஈரமண் வாசனை. பேசமாட்டாள், தின்பாள். பொழுது சாயும்போது வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் புதைகாட்டு மலைப்பக்கம் இறங்கிப் போவாள். நல்ல நாள்களில் எண்ணெய் மணம் எழும்பினால் வேறு வீடுகளுக்கும் இப்படி வருகிற பிள்ளைகள் இருந்ததால், தோட்டத்துப் பெண்கள் மாவு பிசையும்போதே ஒரு கை கூடுதலாகப் போட்டுக்கொண்டார்கள்.

பிள்ளைமடுவத்தைப் பார்த்துக்கொள்ளவும் பிரசவம் பார்க்கவும் நாகலெட்சுமி வந்தது 1955-ல். வேலைக்குப் போகிற தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளை எடுத்துப் பார்த்தவளுக்கு வயிறு பானையாகவும் கால் குச்சியாகவும்தான் தெரிந்தன. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசில் கள்ளம் கிடையாது. "வருசம் பூரா காயப்போட்டுட்டு ஒரே நாள்ல எண்ணெய ஊத்திக் கொல்றீங்களேம்மா" என்று காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்திலேயே சத்தம் போட்டாள். சட்டி வைக்காத தீபாவளி எழவு வீட்டுத் தீபாவளி என்று பெண்கள் பிடிவாதமாக நின்றார்கள். கடைசியில் சட்டி இருக்கட்டும், பிள்ளைகளுக்கு மட்டும் வேறு பலகாரம் என்று சமாதானம் ஆயிற்று. குரக்கன் என்கிற கேழ்வரகையும் பாசிப்பயறையும் மணம் வர வறுத்து அரைத்து, எள்ளும் தேங்காய்ப்பூவும் சேர்த்து, கித்துள் மரத்துக் கருப்பட்டிப் பாகில் உருண்டை பிடிக்க அவள் கற்றுக்கொடுத்தாள். அம்மாக்கண்ணு அதைச் செய்தது, விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்த மகன் சின்னராசாவுக்காக. வடிவு தன் பணியாரத்தை வைத்துவிட்டுத் தம்பியின் தட்டிலிருந்து எடுத்துத் தின்றாள். அந்த வருடம் சின்னக் குழி வெட்டவில்லை. மறு வருடம்தான் கவுன் பிய்ந்தது.

நாகலெட்சுமிக்கு இதில் ஆச்சரியம் ஏதுமில்லை. சத்துள்ள சாப்பாடு யார் வயிற்றுக்குள் போனாலும் வேலை செய்யும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அம்மாக்கண்ணுவுக்கோ பயம் பிடித்துக்கொண்டது. வளர்கிற பெண் ஒரு நாள் தாயை விட்டுப் போய்விடுவாள். உயிருள்ளதே போகும்போது இது நிற்குமா? அன்றிலிருந்து உருண்டையைத் தகரப்பேணிக்குள் ஒளித்து வைத்தாள். மகளுக்கு வெள்ளை மாவும் சீனியும் எண்ணெயும்தான். வடிவு வளர்வது நின்றது. ஆனால் ஒவ்வொரு தீபாவளி அந்தியிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, செத்த அன்று முனகிய அதே முனகலை முனகினாள். அம்மாக்கண்ணு பெருங்காயத்தைக் கரைத்து அந்தக் குளிர்ந்த வயிற்றில் தடவுவாள், அழுவாள், அடுத்த வருடமும் பணியாரமே சுடுவாள். தான் செய்வது பாவம் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளை வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. சின்னராசா அக்காவின் தோளைத் தாண்டி, தலையைத் தாண்டி, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற வயதுக்கு வந்துவிட்டான்.

1964 ஐப்பசியில் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். தோட்டத்துச் சனங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று பேசி முடிக்கப் பதினாறு வருடம் பிடித்தது. செத்தவர்களைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. இந்தியாவுக்கு அனுப்பி வைக்கும்வரை காத்திருப்பானேன் என்று அம்மாக்கண்ணுவின் புருஷன் ஆண்டியப்பன் முந்திக்கொண்டு, துறையூர்ப் பக்கத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் குடும்பத்தோடு போய்விடுவது என்று முடிவெடுத்தான்.

"நாம போயிட்டா அவள என்னங்க செய்றது?"

"பாஸ்போட்டுல உசுரோட இருக்கவங்களத்தான் போடுவாங்க" என்றான் ஆண்டியப்பன். சொல்லிவிட்டு வாசல் திண்ணை இஸ்தோப்பில் போய் உட்கார்ந்து வெகுநேரம் மூக்கைச் சிந்தினான்.

அம்மாக்கண்ணு யோசித்துப் பார்த்தாள். இந்தக் காம்பராவுக்கு வேறு குடும்பம் வரும். அவர்கள் எண்ணெய்ச் சட்டி வைப்பார்கள். மணம் பிடித்துக்கொண்டு ஐந்து வயதுப் பிள்ளை வந்து முன்பின் தெரியாதவர்கள் வாசலில் நிற்கும். வேப்பிலையால் அடித்து விரட்டுவார்கள். அந்த நினைப்பைத் தாங்க முடியாமல் அன்றைக்கே குரக்கன் வறுத்தாள்.

அந்தத் தீபாவளியிலிருந்து மறு தீபாவளிவரை வந்த நல்ல நாள் ஒன்றையும் மகளுக்கு உருண்டை கொடுக்காமல் விடவில்லை. தைப்பொங்கலுக்கு வடிவு தம்பியின் இடுப்புக்கு வந்தாள், மாசியில் தோளுக்கு. சித்திரை வருடப்பிறப்புக்குப் பெரிய மனுஷியானாள். நாகலெட்சுமி நல்லெண்ணெய் விட்டு உளுந்தங்களி கிண்டிக் கொண்டுவந்தாள். லயத்துப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். தண்ணீர் அவள்மேல் பட்டுக் கீழே விழாமல் எங்கோ போயிற்று, அதையும் யாரும் பெரிதுபடுத்தவில்லை. ஆடிப்பூசைக்கு அவள் தாயின் கூடைக்கயிற்றைத் தன் தலையில் போட்டுப் பார்த்தாள்.

1965 தீபாவளியன்று அம்மாக்கண்ணு சட்டி வைக்கவேயில்லை. எண்ணெய் மணம் இல்லாமலே வடிவு விடியலில் வந்து, நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே நுழைந்தாள். அந்த வீட்டில் அவள் பதினாறு வருடத்தில் முதல் தடவையாகப் பேசினாள்.

"நீ போம்மா."

"பசிச்சா என்னடி பண்ணுவ?"

"வேல செஞ்சு சாப்புடுறேன்."

அன்று அந்தியில் அவள் வயிற்றைப் பிடிக்கவில்லை. வாசலில் நின்று திரும்பிப் பார்க்கவும் இல்லை. அம்மாக்கண்ணுவுக்கு நெஞ்சு விண்டுபோயிற்று. அதே நேரத்தில், இத்தனை வருடமும் வராத நிம்மதியும் வந்தது.

கார்த்திகையில் மூன்று பேரும் ஹட்டனில் ரயில் ஏறினார்கள். போய்ச் சேர்ந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரிகள் எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார்கள். "ரெண்டுங்க. பையன் இந்தா நிக்கிறான். மூத்தவ அங்கயே தோட்டத்துல வேலையில இருக்கா" என்றாள் அம்மாக்கண்ணு. ஆண்டியப்பன் அவளைத் திருத்தவில்லை.

அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. மூக்குத்திமலையில் அவள் கொழுந்து பறித்துவந்த நிரைக்கு, ரயில் ஏறிய மறுநாள் காலையிலேயே ஆள் இருந்தது. பனி விலகாத பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் சண்முகவடிவு என்று கூப்பிட்டார். "இருக்கேங்க" என்று பதில் வந்தது. அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.