இடது கால், ஒரு புள்ளி கீழே

இன்வர்கார்கில் ஊரிலிருந்து வந்த பேருந்தைவிட்டு இறங்கி நைரி நாலு எட்டு வைப்பதற்குள் ஹேமிஷ் அப்படியே நின்றுவிட்டான். அந்த நடை அவனுக்குத் தெரியும். கணினித் திரையில் எட்டுப் படங்களாகப் பிரித்து, பெரிதாக்கி, புள்ளி புள்ளியாகப் பார்த்த நடை. ஐந்தாவது படத்தில் இடது கால் ஊன்றும்போது உடம்பு ஒரு புள்ளி இறங்கும், வலது தோள் அதைச் சமாளிக்க ஏறும். டனீடின் நகரின் ஈர நடைபாதையில் இப்போது அதே இறக்கம், அதே தோள். அவள் அவனைப் பார்த்துவிட்டாள். பார்த்த கணமே முதுகை நிமிர்த்தி, காலை இறுக்கி, ஏறக்குறைய நேராக நடந்து வந்தாள்.

இரண்டு வருடமாக ஒரே கணினி விளையாட்டை உருவாக்குவதுதான் இருவருக்கும் வேலை. அதன் நாயகி, ஒரு கடலோர ஊரில் வீடு வீடாகக் கடிதம் கொடுக்கும் தபால்காரி. திரையில் கட்டைவிரல் உயரம் இருப்பாள். அவளை வரைந்தது நைரி, ஐம்பதைத் தாண்டியவள், வீட்டிலிருந்தே வேலை செய்பவள். நிரல் எழுதுவது ஹேமிஷ். நைரியை அவன் இதுவரை பார்த்ததெல்லாம் வீடியோ அழைப்பில், கழுத்துக்கு மேலேதான்.

போன செவ்வாய்க்கிழமை எல்லோரும் கூடிய அழைப்பில், தான் எழுதிய புதுக் கருவியை அவன் காட்டினான். படத்தில் வேண்டிய பகுதியைச் சுற்றிக் கட்டம் போட்டால் கட்டத்தின் கோடு எறும்பு வரிசைபோல ஊரும். அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் அந்தப் பகுதி மட்டும் ஒரு புள்ளி நகரும். கெட்டிக்காரத்தனமான கருவிதான். ஆனால் அதன் பெருமையைக் காட்ட ஒரு தப்பு வேண்டியிருந்தது, தபால்காரியின் நடையில் அதைத் தேடிக் கண்டுபிடித்தான்.

"பாவம், நம்ம தபால்காரிக்குச் செருப்பு கடிக்குது போல!"

கால், இடுப்பு, தோள், தபால் பை என்று தட்டித் தட்டி அவளை நேராக நடக்க வைத்தான். பழைய படத்தின் மேலேயே சேமித்தான். அதோடு விட்டிருக்கலாம். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, கேமராவுக்கு முன்னால் அந்தப் பழைய நடையை நடந்தும் காட்டினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நைரியும் சிரித்தாள். முதலாளி செஃபா மட்டும், "சரி சரி, அடுத்ததுக்கு வாங்க" என்றார்.

மறுநாள் நைரியிடமிருந்து செஃபாவுக்கு இரண்டே வரி. வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன், விளையாட்டின் முடிவில் வரும் பெயர்ப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். விளையாட்டை வெளியீட்டாளரிடம் ஒப்படைக்கும் நாளும் அந்த வெள்ளிதான். அன்று காலையில் செஃபா ஹேமிஷின் மேசைக்கு வந்து, "நீயே போய்க் கூட்டிட்டு வா" என்றார்.

அவள் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான்.

"விடுப்பா. கால்தான் கோணல், கை நல்லாத்தான் இருக்கு."

"எனக்குத் தெரியாதுங்க நைரி. சத்தியமாத் தெரியாது."

"அது எனக்கும் தெரியும். வேற யாரோட நடைன்னு நினைச்சுச் சிரிச்சே?"

அலுவலகம் வரும்வரை அவள் வேகத்துக்கு நடப்பதா, தன் வேகத்துக்கு நடப்பதா என்றுகூட அவனுக்குப் புரியவில்லை. எப்படி நடந்தாலும் அசிங்கமாக இருந்தது.

செஃபா அவளைக் கட்டிக்கொண்டார். நைரி பையிலிருந்து துணியில் பொதிந்த, சீஸ் வைத்துச் சுருட்டிய ரொட்டிகளை எடுத்து மேசையில் வைத்தாள். "பேரை எடுத்தாச்சா?"

"அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு, நைரி."

"அந்தப் பொம்மை நடக்கிறது என் நடை இல்ல. அப்புறம் என் பேர் எதுக்கு?"

"பழையபடி ஆக்கிடறேன்" என்றான் ஹேமிஷ். சொன்ன பிறகுதான் எத்தனை தட்டு தட்டினோம், எங்கெங்கே என்று ஒன்றுமே நினைவில்லை என்பது உறைத்தது. அவளிடம் இருந்த நகலும், பொதுக் கோப்போடு இணைந்திருந்ததால், அன்றே தானாக மாறிப்போயிருந்தது. "நீங்க கொஞ்சம் நடந்தா, போன்ல வீடியோ எடுத்து..."

"நான் நடந்தா வராது. யாராவது பார்க்கிறாங்கன்னா தானா நிமிந்துக்குவேன், சின்ன வயசிலேருந்து பழக்கம். அலமாரிக் கண்ணாடியை ஓரக்கண்ணால பார்த்துப் பார்த்து, ஒரு மாசம் ஆச்சு அந்த எட்டுப் படம் வரைய."

ஹேமிஷின் நாற்காலியில் நைரி உட்கார்ந்தாள். தபால்காரியைப் பெரிதாக்கினாள். இடது காலைச் சுற்றி அவள் போட்ட கட்டத்தில் எறும்புகள் ஊரத் தொடங்கின.

"அன்னைக்கு நடந்தியே, அதை நட."

"நைரி..."

"கேலிக்குத்தான் நடந்தே. ஆனா ஒரு இடம் பிசகல. அப்படியே நான்தான். நட. பேரை அப்புறம் பார்க்கலாம்."

அவன் சுவரிலிருந்து ஜன்னல்வரை நடந்தான். பக்கத்து மேசைகளில் விசைகளின் சத்தம் நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது. ஒவ்வொரு முறை இடது பக்கம் இறங்கும்போதும் இன்னும் கொஞ்சம் கீழே, தரைக்கே போய்விடலாம் போலிருந்தது.

"திரும்பி வா. மெதுவா."

திரும்பினான்.

"தலையைத் தூக்கு. தபால்காரி தரையைப் பார்த்துட்டு நடக்க மாட்டா."

தூக்கினான். இடது கால் ஊன்றியது, தோள் ஏறியது. அவள் அவன் காலிலிருந்து கண்ணை எடுக்காமலே கீழ் அம்புக்குறியை ஒருமுறை தட்டினாள்.