உடைய மறுத்த ஏழு கண் சாமி

சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கிற நான்கு பற்களும் இன்றே விழட்டும்.

என் மனைவியின் தம்பி தச்சன். கட்டிலும் அலமாரியும் செய்துகொண்டிருந்தவனை சினிமா ஸ்டுடியோவில் சேர்த்துவிட்டவன் நான்தான். அங்கே செட்டுக்கு வண்ணம் பூசுவது என் வேலை. அவனுக்கு முதல் படமே விண்வெளிப் படம். ஆயிரம் வருடம் கழித்து ஒரு விண்கலத்துக்குள் ஒரு மதம். அதற்கு ஏழு கண் சாமி. கடைசிக் காட்சியில் கதாநாயகன் அதைச் சம்மட்டியால் உடைக்க வேண்டும்.

"பூசாரிக்கு எதுக்கு சார் கறுப்பு அங்கி?" என்று இயக்குநரிடம் கேட்டேன்.

"அவன் கெட்டவன்யா. எதிர்காலத்துல பூசாரின்னாலே கெட்டவன்தான். இதுகூடத் தெரியாதா?"

"ஆயிரம் வருஷத்துல ஒரு நல்ல மனுஷன்கூடவா அந்த வேலைக்கு வரமாட்டான்?"

"நீ சுவத்தைப் பாரு."

படப்பிடிப்பன்று கதாநாயகன் ஓங்கி அடித்தான். சம்மட்டி எகிறி வந்து அவன் நெற்றியிலேயே ஒரு முத்தம் வைத்தது. மூன்று முறை அடித்தும் சாமி அசையவில்லை. லைட் போடுகிறவர் மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். பார்த்துவிட்டு மற்றவர்களும் கழற்றினார்கள்.

"எவனோ செய்வினை வெச்சிருக்கான்," என்று கத்தினார் இயக்குநர். "சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிக்கிறேன். அவனுக்கு இனிமே எந்த ஸ்டுடியோவிலயும் வேலை கிடையாது."

மேக்கப்காரர் பூசாரி வேடக்காரரைச் சந்தேகப்பட்டார். அங்கியைக் கழற்றாமலே சாப்பிட்டாராம். பூசாரி வேடக்காரர் என்னைச் சந்தேகப்பட்டார். ஏழு கண்ணையும் வரைந்தவன் நானாம். நான் என் மைத்துனனைச் சந்தேகப்பட்டேன். மனைவியின் தம்பியைச் சந்தேகப்படக் காரணமா வேண்டும்?

சாப்பாட்டு இடைவேளையில் அவன் பின்னாலேயே போனேன். சாமி முன்னால் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா மந்திரம்?"

"ஐயோ அத்தான்! மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. ஒரே ஒரு தடவை உடைஞ்சிடு சாமின்னு கெஞ்சிட்டிருக்கேன். வெறும் தெர்மோகோல்ல செய்யச் சொன்னாங்க. நான் உள்ள தேக்குச் சட்டம் வெச்சு நாப்பது ஸ்க்ரூ முடுக்கிட்டேன்."

"உடைக்கப்போற சாமிக்கு எதுக்குடா தேக்கு?"

"ஆடுச்சு அத்தான். ஆடுற சாமானை எப்படி வெளிய விடறது?"

இந்த நேரத்தில் அவன் அதைக் கழற்றப் போய் யார் கண்ணிலாவது பட்டால், செய்வினைக்காரன் இவன்தான் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவனுடைய திருப்புளியைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். எல்லாரும் திரும்பி வரும்வரை சாமி பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கொசுகூடக் கிட்ட வரவில்லை.

கேமரா ஓடியது. கதாநாயகன் சம்மட்டியை ஓங்கினான்; நெற்றி வீக்கம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, கை அப்படியே நின்றது. அப்போது சாமியின் ஏழு கண்களும் ஒவ்வொன்றாக மூடின. நான் வரைந்தது திறந்த கண்கள். வெளிர்நீலம், இரண்டு பூச்சு. பிறகு நாற்பது ஸ்க்ரூவும் தாமாகவே சுழன்று வெளியே வந்து, தரையில் வரிசையாக நின்றன. சாமி யார்மேலும் படாமல் பொலபொலவென்று சரிந்தது.

இயக்குநர் ஓடிவந்து மைத்துனனைக் கட்டிக்கொண்டார். "எப்படிய்யா செஞ்சே? அடுத்த படத்துக்கும் நீதான்!"

நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். திருப்புளி இருந்தது.

"அளவெடுத்துச் செஞ்சேன் சார்," என்றான் அவன்.

இன்றுவரை எனக்கு அவன்மேல் சந்தேகம் தீரவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: என் மனைவி அவர்கள் வீட்டில் ஒரே பிள்ளை.