தட்டினால் விழாத ஐஸ்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. மூன்று வருடத்துக்கு முன் நான் எழுதிய கதையில் ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வருவார். ஓடாத ஃப்ரிட்ஜின் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். அது ஓடும். வாசகர்கள் சிரித்தார்கள். என் மனைவியின் அண்ணன் சிரிக்கவில்லை. அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்.

அவர் போன வீட்டிலெல்லாம், "என்னங்க, தட்டிட்டுப் போக வந்தீங்களா?" என்று கேட்டார்களாம். அன்றிலிருந்து மச்சான் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. தங்கையைப் பார்க்க வேண்டுமென்றால் அவளை அங்கே வரச் சொல்கிறார். இதற்காக மனைவி என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

2

முதல் தொடக்கம்: "வெறும் டம்ளரை ஏந்தியவன், தன் வாழ்வின் வெறுமையையே—"

வேண்டாம். எனக்கே சகிக்கவில்லை.

இரண்டாவது: எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பள்ளம் உண்டு. டம்ளரை வைத்து அழுத்தினால் ஐஸ்கட்டி விழும். செவ்வாய்க்கிழமையிலிருந்து விழவில்லை. (இது போதும்.)

"அண்ணனக் கூப்பிடட்டுமா?" என்றாள் மனைவி.

"எதுக்கு? நானே பாத்துக்கறேன்."

பார்த்தேன். வீடியோ பார்த்தேன், ஐஸ் சேரும் பெட்டியைக் கழற்றினேன், திரும்ப மாட்டத் தெரியாமல் திருதிருவென்று விழித்தேன். கடைசியில் (எழுதவே கை கூசுகிறது) சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஃப்ரிட்ஜின் தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

மேலே இருந்த பிஸ்கட் டப்பா விழுந்தது. ஐஸ் விழவில்லை.

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். அண்ணனுக்குப் போன் போட்டாள். தங்கை அழைத்தால் அவருக்கு மறுக்கத் தெரியாது.

3

[இங்கே மச்சானைப் பற்றி ஒரு வர்ணனை இருந்தது. நானே அடித்துவிட்டேன். போன தடவை மீசையை வர்ணிக்கப் போய்த்தான் ஊரே அவரை அடையாளம் கண்டுகொண்டது.]

வந்தவர் என்னைப் பார்க்கவில்லை, ஐஸ் உறையும் தட்டைப் பார்த்தார். அது காய்ந்து கிடந்தது. "தண்ணியே வரலையே," என்று ஃப்ரிட்ஜிடம் சொன்னார். அதை முன்னால் இழுத்துப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். சுவரிலிருந்து ஃப்ரிட்ஜுக்குப் போகும் தண்ணீர்க் குழாயின் வால்வு பாதி மூடியிருந்தது.

"இத யாரு மூடினது?"

நான்தான்.* தண்ணீர் ஏறும்போதெல்லாம் ஃப்ரிட்ஜ் உர்ரென்று உறுமும். அடுத்த அறையில் எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு வாக்கியம் அறுந்துபோகும். வால்வைப் பாதி மூடினால் சத்தமும் பாதியாகுமே என்று கணக்குப் போட்டேன்.

"நான்தான் மச்சான். எழுதறப்போ தொந்தரவா இருந்துச்சு."

மூன்று வருடத்தில் முதல்முறையாக அவர் என்னை நேராகப் பார்த்தார். "தண்ணி வேகமா வரணும் மாப்ள. சொட்டுச் சொட்டா வந்தா உள்ள போற குழாய்லயே ஒறைஞ்சு அடைச்சுக்கும். ஹேர் டிரையர் இருக்கா?"

* பழியை ஒரு பிளம்பர் மேல் போடலாமா என்று யோசித்து, ஒரு பிளம்பரை உருவாக்கியும் விட்டேன். நல்ல மனிதர். பாவம், வேலை இல்லாமல் திரும்பிப் போனார்.

4

இனி கதாசிரியனுக்குச் சோதனைக் காலம். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, உறைந்த குழாய்க்கு நேரே ஹேர் டிரையரைப் பிடிக்க வேண்டும். கிட்டே போனால் பிளாஸ்டிக் இளகிவிடும், தள்ளிப் போனால் ஐஸ் இளகாது. பிடித்தது நான். ஸ்டூலில் உட்கார்ந்து, வழிகிற தண்ணீரைத் துடைத்தது அவர்.

"இதையும் எழுதுவீங்கதானே?" என்று இரைச்சலுக்கு மேல் கத்தினார். "இருபது நிமிஷம் ஒண்ணுமே நடக்கலன்னு எழுதுங்க. அதான் எங்க வேலை."

"யாரும் படிக்க மாட்டாங்க மச்சான்."

"அதுக்காகத் தட்டிருவீங்களா?"

கூடத்தில் மனைவி சிரிப்பது கேட்டது. எங்கள் வீட்டில் அவள் அண்ணன் பேச்சுக்கு அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று.

"தப்புதான் மச்சான்," என்றேன். இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. டிரையரை அணைத்துவிட்டு இன்னொரு முறை சொன்னேன்.

"அணைக்காதீங்க, மறுபடி ஒறைஞ்சிரும்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கைய மாத்திப் பிடிங்க மாப்ள, வலிக்கும்," என்றார்.

5

வேலை முடிந்தது. வால்வை முழுக்கத் திறந்து, ப்ளக்கை மாட்டி, உள்ளே ஒரு பட்டனை அழுத்தினார். ஃப்ரிட்ஜ் உறுமியது. அவர் தலையாட்டிக்கொண்டார்.

"ஐஸ் பிடிக்க நாளைக்குக் காலைல ஆயிரும். விழுந்தாலும் விழலைன்னாலும் ஒரு போன் போடுங்க."

"சரி, அவளச் சொல்லச் சொல்றேன்."

"அவ வேணாம். நீங்க போடுங்க."

இப்போது மறுநாள் காலை. ஐஸ் விழுந்ததாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன், விழவில்லை என்று ஒன்று எழுதிப் பார்த்தேன். இரண்டும் பரவாயில்லை. உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஐஸ் விழுந்தாலும் விழாவிட்டாலும், மூன்று வருடமாக நான் அழைக்காத ஒரு எண்ணை இன்று அழைத்தாக வேண்டும்.

ரிங் போகிறது. எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க மாப்ள."

மன்னிக்கவும், வாசகரே. இனி உங்களோடு பேச முடியாது.