தனிக்குடித்தனம் என்று பெயர் வைத்தவள்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் சுகப்பிரியா சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. உற்பத்தி லைன்களுக்கு மேல் தொங்கும் திரைகளில் எழுத்தின் நிறமும் அளவும் எப்படி இருக்கவேண்டும் என்று சொல்லும் சிஎஸ்எஸ் கோடு அவள் பொறுப்பு. அதை அந்த அறையில் இருந்தவர்கள் ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருந்தார்கள். ஃபிரடி, திறக்கும் பிராக்கெட்டை வரியின் கடைசியிலேயே ஒட்டிவிடுவான். லிடியா அக்காவோ அதை அடுத்த வரிக்கு இறக்கித் தனியாக நிறுத்துவாள். உள்ளே வருவதை நன்றாகத் தள்ளித் தள்ளி எழுதுவாள்.

"ரெண்டுக்கும் தனித்தனியா ஒரு பேர் வைம்மா. அப்பதான் எது வேணும்னு பேசி முடிவு பண்ணலாம்," என்றார் மேலாளர் இளம்பரிதி.

ஃபிரடியின் முறைக்குக் 'கூட்டுக்குடும்பம்', லிடியாவுடையதற்குத் 'தனிக்குடித்தனம்' என்று சுகப்பிரியா ஆபீஸ் வாட்ஸாப் குழுவில் போட்டாள். சிரிப்புப் படங்களாக வந்து குவிந்தன. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

டீ குடிக்கப் போனபோது ஃபிரடி குரலைத் தாழ்த்தினான். "இன்னா சுகா, வேணும்னே வெச்சியா? லிடியாக்கா மாமியாரோட சண்ட போட்டுகினு போன மாசந்தான் தனியா வந்தாங்க. ஊரே பேசுது."

ஊரிலிருந்து வந்த சுகப்பிரியாவுக்குப் பிள்ளைப்பாக்கத்தில் அறை பார்த்துக் கொடுத்ததே அந்த அக்காதான். ஓடிப்போய் பதிவை அழித்தாள். எல்லாரும் எப்போதோ படித்துவிட்டார்கள். லிடியா திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பக்கத்தில் போய் நிற்கத் துணிவில்லாமல், தட்டியதையே தட்டித் தப்பும் தவறுமாக மாலைவரை ஓட்டினாள்.

கம்பெனி பஸ்ஸில் லிடியாவின் பக்கத்து சீட்டில் அவளுடைய பை இருந்தது. சுகப்பிரியா கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"அக்கா, எனக்குத் தெரியவே தெரியாதுக்கா. சத்தியமா சொல்லுதேன்."

"தெரியாம வெச்சன்னு எனக்குத் தெரியும்," என்றாள் லிடியா, ஜன்னலைப் பார்த்தபடி. "சிரிச்சாங்களே, அவங்களுக்குத் தெரியும்ல?"

சுகப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

லிடியா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "உக்காரு. நாளைக்கு 'ஒட்டுவரி', 'தனிவரி'ன்னு போட்டுடு. போதும்."

பிள்ளைப்பாக்கத்தில் சுகப்பிரியா இறங்கும்போது லிடியா திரும்பினாள். "ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சு வூட்டுக்கு வா. புது வூட்ட நீ இன்னும் பாக்கல."

"வாரேன்க்கா," என்றாள் சுகப்பிரியா. கோபம் தீர்ந்துதான் கூப்பிட்டாளா என்று மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை.