வேட்டியில் விழுந்த பழம்

ஏழாவது வருஷமாகக் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற என் மாமனார் ஊருக்கு வேனில் போனோம். நான், என் மனைவி ரேணுகாம்பாள், என் அம்மா ஆராயி. அந்த ஊரில் சித்திரையில் பாரதக் கூத்து நடக்கும். மற்ற நாள் எப்படியோ போகட்டும், அர்ச்சுனன் தபசு அன்றைக்கு நான் வேங்கிக்கால் ஆபீசுக்கு லீவு போட்டே ஆகவேண்டும். அம்மாவின் உத்தரவு.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திரௌபதியம்மன் கோயில் திடலில் உயரமான பனைமரத்தை நட்டு, படி கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறி உச்சியில் தவம் செய்வார். பிள்ளையில்லாத பெண்கள் ஈரச் சேலையோடு மரத்தைச் சுற்றிக் குப்புறப் படுத்திருக்க, மேலிருந்து எலுமிச்சம்பழம் எறிவார். பழம் கிடைத்துத் தின்றவள் வீட்டில் அடுத்த வருஷம் தொட்டில் ஆடும் என்று நம்பிக்கை.

ஆறு வருஷம் ரேணுகா படுத்தாள். ஒரு பழமும் அவள் பக்கம் வரவில்லை. திரும்பும்போது வேனில் அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "சில பேருக்குக் குடுப்பினை இல்ல, இன்னா பண்றது" என்பாள். ஆபீசில் என் வாய்க்கு மேனேஜரே பயப்படுவார். வேனில் மட்டும் அந்த வாய் திறக்காது.

காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாருக்கும் சொல்லாமல் வேலூர் போய் டெஸ்ட் எடுத்தேன். குறை என்னிடம்தான், மருந்து மாத்திரையில் தீராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரிப்போர்ட்டை பீரோவில் என் சர்ட்டிபிகேட்டுகளுக்கு அடியில் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல இருந்துவிட்டேன். தூ, நானும் ஒரு ஆம்பளை!

இந்த வருஷம், 1998, வெயில் மண்டையைப் பிளந்தது. ரேணுகா ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு போய்ப் படுத்தாள். சுற்றிலும் இருபது, இருபத்திரண்டு வயசுப் பெண்கள். இவளுக்கு முப்பத்து மூன்று. முழங்கையெல்லாம் சேறாக, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு கிடந்தாள். அங்கே நிற்கவே எனக்குக் கூசியது.

மேலே இருந்து பழங்கள் வந்தன. ஒன்று மரத்தில் பட்டுத் தெறித்து, ஓரமாக நின்ற என் மடித்துக் கட்டிய வேட்டிக்குள் வந்து விழுந்தது.

"மச்சான், வளைகாப்புக்குச் சொல்லி அனுப்பு!" என்று ஒருத்தன் கத்தினான். திடலே சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே நாலு சாத்து சாத்தியிருப்பேன்.

"முழிச்சிக்கினு நிக்கிறியே, அவகிட்ட குடுடா!" என்று அம்மா பின்னாலிருந்து தள்ளினாள்.

பழத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரேணுகா எழுந்து உட்கார்ந்தாள். பழத்தைப் பார்த்தாள், வாங்கவில்லை.

"நீங்களே சாப்புடுங்க. உங்களுக்குத்தான வந்துச்சி."

"வெளையாடாத ரேணு. எல்லாரும் பாக்கறாங்க."

"வெளையாடல" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "உங்க ரிப்போர்ட்ட போன வருசம் பொங்கலுக்கு பீரோ தொடைக்கும்போதே பாத்துட்டேன்."

அப்படியென்றால் போன வருஷமும் தெரிந்தேதான் படுத்திருக்கிறாள்.

"அப்புறம் எதுக்கு இங்க வந்து படுத்த?"

"நான் படுக்கலன்னா ஏன்னு அத்தை உங்கள கேப்பாங்க. நீங்க பதில் சொல்லமாட்டீங்க. அதான்."

செத்துப்போகலாம் போல இருந்தது. அதற்குள் அம்மா வந்துவிட்டாள். "வாங்கித் தின்னாளா? இல்லாட்டி அடுத்த வருசம் மரத்துக்குக் கிட்டக்கவே எடம் புடிக்கணும்."

"அடுத்த வருசம் இவ படுக்கமாட்டா. கொறை எங்கிட்ட இருக்குது. ரெண்டு வருசமா எனக்குத் தெரியும்."

கத்திவிட்டேன் போலிருக்கிறது. சிரித்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். சேறும் சகதியுமாக உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்தாள்.

"ரெண்டு வருசம் தெரிஞ்சே இந்தப் பொண்ண மண்ணுல போட்டியேடா, பாவி!" முதுகில் ஓங்கி அறைந்தாள். மறுபடியும் கையை ஓங்கினாள்.

ரேணுகா எழுந்து குறுக்கே வந்தாள்.

"உடுங்க அத்த, அவர அடிக்காதீங்க."

அப்போதும் என்னைத்தான் காப்பாற்றினாள்.