மாதாவுக்கு நேர்ந்த அரச சிலுவை

1

இந்தக் கதை மட்டன் ரோல்ஸ் சாப்பிடப் போன இடத்தில் பிறந்தது. டென்மார்க்கின் கோல்டிங் நகரில் முப்பது வருடமாக அகதிகளுக்கு மொழிபெயர்த்து, காரோட்டி, படிவம் நிரப்பிக் கொடுத்த அழகரத்தினத்துக்கு அரசரின் விருதுச் சிலுவை கிடைத்திருந்தது. வாழ்த்தப் போனேன் என்று எழுதினால் பொய். நக்கலடிக்கத்தான் போனேன்.

முதல் தொடக்கம்: ‘பொன்னொளி பாயும் அரண்மனையில் ஓர் ஈழத்தமிழனின் நெஞ்சு விம்மி—’

(வேண்டாம். அந்த நெஞ்சில் போன மாசியில்தான் ஓகூஸ் ஆஸ்பத்திரியில் கத்தி வைத்தார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: கத்தி வைத்த அன்று மனைவி றோசலின் மாதாவிடம் நேர்ந்தாள். “இவர் பிழைச்சு வந்தால், வீட்டுக்கு முதல் வாற பெறுமதியான சாமான் உமக்குத்தான் தாயே.” மருமகன் வாங்கித் தருவதாகச் சொன்ன சங்கிலியைத்தான் மனதில் வைத்திருந்தாளாம். சங்கிலியை முந்திக்கொண்டு சிலுவை வந்துவிட்டது.

2

“அம்மா, அது இரவல்,” என்றாள் மகள் நிரஞ்சலா, டேனிஷில். “அப்பா செத்தால் திருப்பிக் குடுக்கோணும்.”

எனக்கு ரோல்ஸ் புரையேறியது.

“இரவல் நகையை மாதாவுக்குப் போடேலாது,” என்றாள் றோசலின். “போடாமலும் விடேலாது. இஞ்சேருங்கோ, உங்கட உயிரப்பா அதில தொங்குது!”

அழகரத்தினம் நெஞ்சைத் தடவினார். தையலையா சிலுவையையா என்று தெரியவில்லை.*

* தெரியும். சிலுவையைத்தான். ஒரு கிழமையாக அதைக் குத்திக்கொண்டுதான் தேத்தண்ணி குடிக்கிறார்.

“மாதாவின்ர பேருக்கு மாத்தித் தரச்சொல்லிக் கேளுங்கோ,” என்றேன். “மாதா சாகமாட்டா. திருப்பிக் குடுக்கிற பிரச்சினையே இல்லை.”

பகிடி அது. ஒருவரும் சிரிக்கவில்லை.

“அண்ணை சொல்றது சரி,” என்றாள் றோசலின். “ராசாவுக்கு நன்றி சொல்லப் போகேக்க நேர கேளுங்கோ. மாட்டன் எண்டால் அங்கேயே கழட்டி வைச்சிட்டு வாங்கோ. அப்ப அது வீட்டுக்கு வரேல்லை எண்டு கணக்கு. முதல் வாறது சங்கிலிதான்.”

அழகரத்தினத்தின் முகத்தைப் பற்றி ஒரு பந்தி எழுதியிருந்தேன். பாவமாக இருந்தது, எடுத்துவிட்டேன்.

3

சிலுவை முன்னதாகவே கைக்கு வந்துவிடும். அரசரை நேரில் கண்டு நன்றி சொல்வதுதான் சடங்கு. கோப்பன்ஹேகனுக்கு நான்தான் கார் ஓட்டினேன். அழகரத்தினத்தின் வாடகைக் கோட்டு தோளில் தாராளம், கையில் கஞ்சம். உள்ளே அவர் மட்டும்தான் போகலாம்.

அரசரைப் பேசவைக்க நாலு தடவை எழுதிப் பார்த்தேன். நாலிலும் அவர் என்னைப் போலவே கதைத்தார். ஆகவே கதவைச் சாத்துகிறேன். நீங்கள், நான், றோசலின் மூவரும் வெளியே, காற்றில்.

முடிவு அ: அரசர் சம்மதிக்கிறார். (சீனி கூடிவிட்டது.)

முடிவு ஆ: அழகரத்தினம் கேட்க ‘மறந்துவிடுகிறார்’. (என் பந்தயம் இதில்தான்.)

முடிவு இ: மறுப்பு வருகிறது. அவர் ஊசியைத் திறந்து, சிலுவையை அந்தப் பளபளக்கும் மேசையில்—

4

அதோ வருகிறார். ஓவர்கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருக்கிறார்; நெஞ்சில் சிலுவை இருக்கிறதா என்று தெரியவில்லை.

“கேட்டனீங்களோ?” என்றாள் றோசலின்.

“கேட்டனான்.”

“என்ன சொன்னவர்?”

“குளிருது. காருக்குள்ள ஏறப்பா.”

றோசலின் ஏறவில்லை. அரண்மனை வாசலில், காவலர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கணவரின் முதல் பொத்தானைக் கழற்றினாள். அவர் தடுக்கவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். இரண்டாவது பொத்தானும் போயிற்று.

நான் பேனாவை மூடிவிட்டேன். இன்னும் ஒரு பொத்தான் இருக்கிறது, வாசகரே. என் விரல்கள் விறைத்துவிட்டன. உங்கள் கை சும்மாதானே இருக்கிறது?