கல்லுக்குள் கண்ணாடி

என் கணவரின் தங்கைக்குப் பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நான் ஒரு நாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அவள் கேள்விக்குறிதான். குழாயில் தண்ணீர் ஏன் முறுக்கிக்கொண்டு விழுகிறது, பூட்டுக்குள் சாவி திரும்பும்போது உள்ளே எது நகர்கிறது என்று எதையாவது கேட்காவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. பதில் சொல்லிச் சொல்லி எனக்குத்தான் மண்டை காயும்.

நான் வேலை பார்ப்பது லேசரால் உலோகத்தில் துளை போடும் பட்டறையில். சாறு வடிகட்டும் சல்லடைத் தட்டு, பெரிய இயந்திரங்களின் விசிறித் தகடு என்று எது வந்தாலும் தலைமுடி நுழைகிற அளவுக்குத் துளை போட்டுக் கொடுப்போம். எந்தக் கருவியும் உலோகத்தைத் தொடாது. ஒளியை ஒரு புள்ளியில் குவித்தால் அந்த இடம் உருகும், உருகியதைக் காற்றுக் குழல் ஊதித் தள்ளிவிடும். எவ்வளவு கூர்மையாகக் குவிக்கிறோம் என்பதில்தான் வித்தையே இருக்கிறது. அதில் என்னை அடிக்க ஆள் இல்லை என்பதால் பட்டறையில் எனக்கு ஊசி என்று பெயர். வாய்க்கும் அதே பெயர்தான் என்று என் கணவர் சொல்லுவார். அவர் கிடக்கிறார்.

கேள்விக்குறி கற்களை ஆராயும் கூடத்தில் இருக்கிறாள். பூமிக்குள் ஆழமாகத் துளைக்கப் போனால் கடினமான கல்லில் பட்டுக் கருவிகள் மழுங்கிப்போகின்றன, அந்த வேலையை ஒளியால் செய்ய முடியுமா என்பதுதான் அவளுடைய ஆய்வு. வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கல்லிலாவது துளை போட்டுக் காட்டாவிட்டால் ஆய்வை மூடிவிட்டு, அவளைச் சரக்கறைக்கு மாற்றிவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார். அங்கே பெட்டிகளை எண்ணி அடுக்குவதுதான் வேலை. கேட்பதற்கு ஒரு கேள்வியும் கிடைக்காது. அவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம்.

மதிய இடைவேளையில் இயந்திரத்தைப் பயன்படுத்திக்கொள்ள எங்கள் முதலாளி சம்மதித்தார். ஆழத்திலிருந்து எடுத்து, செங்கல் அளவுக்கு அறுத்த மூன்று கற்களை அவள் கொண்டுவந்தாள். அந்த மாதிரிக் கல் மறுபடி கிடைக்கப் பல மாதம் ஆகுமாம்.

முதல் கல்லை வைத்து, என் பெயரைக் காப்பாற்றும் அளவுக்கு ஒளியைக் கூராக்கினேன். கல் பளீரென்று வெளுத்து உருகியது. உருகியது வெளியே வரவில்லை. துளைக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடியாக இறுகி அடைத்துக்கொண்டது. உலோகத்தை ஊதித் தள்ளும் காற்றுக்கு இது பாகு மாதிரி ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. இரண்டாவது கல்லுக்குச் சக்தியைக் கூட்டினேன், கண்ணாடிதான் கூடியது.

மூன்றாவது கல் வெட்டும்போது மிஞ்சிய ஓரத்துண்டு. மற்றவற்றைவிடத் தடிமன் குறைவு. அதை எடுக்கும்போது அவள் தயங்கித் தயங்கி, வேறு எதையாவது மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. எனக்கே வேலை சொல்லிக் கொடுக்கிறாயா என்று பொரிந்து தள்ளிக்கொண்டே கல்லை வைத்தேன், கதவை அடைத்தேன், பொத்தானை அமுக்கினேன்.

சத்தம் வேறாக இருந்தது. சூடான எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி படபடவென்று வெடித்தது. கதவிலிருந்த சிறு சன்னல் வழியாக எட்டிப் பார்த்த அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, மண்ணு கொட்டுது."

கல் உருகவில்லை. பொடிப்பொடியாக உதிர்ந்தது, உதிர்ந்ததைக் காற்று அடித்துக்கொண்டு போனது. துளை இறங்க இறங்க, ஒளியை அனுப்பும் இயந்திரத்தின் தலையும் தானாக இறங்கி, கடைசியில் அடித்தட்டில் வெளிச்சம் விழுந்தது. அவள் அழுதாள், சிரித்தாள், என்னைக் கட்டிக்கொண்டாள். கல் ஆறியதும் துணியில் சுற்ற ஆரம்பித்தாள்.

நான் இயந்திரத்தின் திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றேன். தலை இறங்கத் தொடங்கவேண்டிய உயரத்தை நான் மாற்றவே இல்லை. தகட்டில் ஒரு காகிதத் தடிமன் கூடினாலும் குறைந்தாலும் மறுபடி அளந்து வைப்பவள், கோபத்தில் பழைய கல்லின் உயரத்திலேயே விட்டிருக்கிறேன். கூர்மையான முனை கல்லுக்கு மேலே காற்றில் தொங்கியிருக்கிறது. கல்லின் மேல் விழுந்தது பயறு அளவுக்குப் பரந்த, மழுங்கிய ஒளி. ஊசி என்று பெயர் வாங்கியவளுக்கு அதைப் பார்க்க வெட்கமாக இருந்தது. வெட்கத்தைத் தாண்டி வேறொன்று குடைந்தது. மழுங்கல் எப்படித் துளைத்தது?

அவளிடம் சொன்னேன். காரணம் கல்லா, ஒளியா என்று தெரியவேண்டுமானால், அதே கல்லில் பக்கத்திலேயே கூராக வைத்து இன்னொரு துளை போட்டுப் பார்க்கவேண்டும் என்றேன்.

"ஏதோ விழுந்துச்சு, விடுங்க அண்ணி," என்றாள்.

அந்த வாயிலிருந்து 'விடுங்க' என்று வந்து நான் கேட்டதே இல்லை. எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. பேசாமல் அனுப்பியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"உங்க ஆபீசர் இன்னொண்ணு போடச் சொன்னா என்ன பண்ணுவே?"

"கல்லு உடைஞ்சா?"

"உடையலாம். உடையாதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

அவள் துளைக்குள் ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தாள். பிறகு துணியைப் பிரித்தாள். "வைங்க," என்றாள்.

ஒழுங்காக அளந்து, கூராக்கி வைத்தேன். கல் வெளுத்தது, உருகியது, படீரென்று ஒரு சத்தம். கதவைத் திறந்தபோது இரண்டு துளைகளின் ஊடாகவும் விரிசல் ஓடி, கல் இரண்டாகக் கிடந்தது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு பெண்ணின் பிழைப்பில் விளையாடிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆறட்டும் என்று காத்திருந்துவிட்டு அவள்தான் ஒரு துண்டைக் கையில் எடுத்தாள். பிளந்த பக்கத்தில் இரண்டு துளைகளும் திறந்து கிடந்தன. ஒன்று பாதியிலேயே கறுப்புக் கண்ணாடியால் அடைத்திருந்தது. மற்றது அடிவரை திறந்திருக்க, அதன் சுவர் சொரசொரவென்று காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். மணல் உதிர்ந்தது.

"உருகவே இல்ல அண்ணி. சூட்டுல உள்ள இருக்கிற மணல்மணி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி உப்பி, ஒண்ணை ஒண்ணு தள்ளி உடைச்சிருக்கு. நீங்க கூரா வைக்கிறப்ப அது உடையறதுக்கு நேரமே இல்லாம உருகிடுது."

வெள்ளிக்கிழமை அவள் இரண்டு துண்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு போனாள். அன்று நான் போட்ட துளைகள் எப்படி இருந்தன என்று கேட்காதீர்கள். மாலையில்தான் போன் வந்தது. முழுக் கல்லாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றாராம் அதிகாரி. முழுதாக இருந்திருந்தால் உள்ளே நடந்தது தெரிந்திருக்காது என்று இவள் சொன்னாளாம். அவர் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து, பிரித்துப் பார்த்து, கடைசியில் அடுத்த கற்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாராம். சரக்கறைப் பேச்சே எழவில்லை.

எனக்கு மூச்சு வந்தது. வாழ்த்துத்தான் சொல்லப் போனேன், வாயில் வந்தது வேறு.

"ஏய், கல்லைத் தண்ணியில ஊறப்போட்டு வெச்சா என்ன ஆகும்? அந்தத் தண்ணி உள்ளயே கொதிக்குமே, அது எங்க போகும்?"

மறுமுனையில் அவள் சிரிப்பது கேட்டது.

"அண்ணி, இனிமே என் பேரைச் சொல்லியே கூப்பிடுங்க. அந்தப் பட்டத்தை நீங்களே வெச்சுக்குங்க."